மத்தியானம் மட்டும் ஆடுற ப்ளோயர்: ரப்பர் பேட கழட்டிட்டு ஸ்ப்ரிங் போட்ட வேலை

வேலூர் தோட்டப்பாளையத்துல, சிஎம்சி ஆஸ்பத்திரில இருந்து நடந்து போற தூரத்துல ஒரு பில்டிங். கீழ பிரியாணி ஓட்டல், மேல ரெண்டு மாடி லாட்ஜு, மொட்டமாடில ஓட்டலோட கிச்சன் எக்ஸாஸ்ட் ப்ளோயர். கம்ப்ளைன்ட் இன்னான்னா டாப் ஃப்ளோர்ல ரெண்டு ரூம்ல கட்டில் அதிருது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுங்குது, அதுவும் நாள் பூரா இல்ல, பதினோரு மணிக்கு மேல ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும்தான். லாட்ஜுல தங்கறவங்க பாதிக்கு மேல ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர் ஆளுங்க, பெங்கால் அஸ்ஸாம்ல ட்ரெயின் ஏறி காட்பாடில எறங்கி வர்றவங்க, ஆபரேஷன் முடிஞ்ச ஆள படுக்க வச்சுகினு கட்டில் ஆடினா யாரு பொறுத்துப்பாங்க. ஓட்டல் பாய்க்கும் லாட்ஜ் மேனேஜருக்கும் பேச்சே நின்னு போற அளவுக்கு முத்தினதுக்கு அப்புறம்தான் வேலை நம்மாண்ட வந்துச்சு.

மிஷின பத்தி சொல்லிடறேன். பெல்ட் டிரைவ் சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர், 3 எச்பி மோட்டார், 1440 ஆர்பிஎம், மோட்டார் புல்லி 6 இன்ச்சு, ஃபேன் புல்லி 9 இன்ச்சு, அப்போ ஃபேன் ஓடறது 960 ஆர்பிஎம். 60-ஆல வகுத்தா செகண்டுக்கு 16 சுத்து, 16 ஹெர்ட்ஸ். இந்த 16-அ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மத்த எல்லாம் இதச் சுத்திதான் வரும். இம்பெல்லர் (உள்ள சுத்தற பிளேடு சக்கரம்) 25 கிலோ, 12 பிளேடு. மோட்டார், ஃப்ரேம், கேசிங் எல்லாம் சேத்து 220 கிலோ.

முன்னாடி இது தளத்து மேலயே ஆங்கர் போல்ட் போட்டு டைட்டா நின்னுது. அப்ப மேல் ரூம்ல ஒரு "உம்ம்ம்"னு சத்தம் மட்டும் இருக்குமாம், அதுக்கும் கம்ப்ளைன்ட் வந்து, யாரோ ஒரு ஃபிட்டர் வந்து நாலு கால்லயும் கனமான ரப்பர் பேடு போட்டு குடுத்துட்டு போயிருக்காரு. அதுக்கப்புறம்தான் கட்டில் ஆட ஆரம்பிச்சுது. "ரப்பர் போட்டா ஆட்டம் கம்மியாவும்னு தானே தம்பி போட்டோம், இப்ப பாத்தா முன்ன இருந்தத விட மோசமா கீது"ன்னாரு பாய். மேனேஜர் சொன்னது வேற, "கரன்ட்டுதான் சார் ப்ராப்ளம், மத்தியானத்துல வோல்டேஜ் ஏறி எறங்குது." பிரியாணி மாஸ்டர் அவரு பங்குக்கு, "பேரிங் பூட்ச்சுண்ணே, மாத்திடு"ன்னாரு. ஆளுக்கு ஒண்ணு.

எனக்கு மாட்டினது அந்த மத்தியானம்தான். பேரிங் போனா காலைலயும் சத்தம் வரணும். அன்பேலன்ஸ்னா, அதாவது சுத்தற சக்கரம் ஒரு பக்கமா கனமா இருந்தா, காலைலயும் அதே அன்பேலன்ஸ்தான், இம்பெல்லர்ல ஒட்டின பிசுக்கு மதியம் பன்னெண்டுக்கு வந்து நாலு மணிக்கு போயிடாது. அப்போ மத்தியானத்துல மாறறது எதுன்னு தேடணும்.

செலவில்லாத வேலை மொதல்ல. ஜெர்மனில ஆஹன் யூனிவர்சிட்டிகாரங்க செஞ்ச ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஃப்ரீ ஆப் இருக்குது, போன்ல இருக்கற ஆக்சிலரோமீட்டர வச்சு அதிர்வ கிராஃபா போட்டுக் காட்டும், எந்த ஃப்ரீக்வென்சில எவ்ளோன்னு பிரிச்சும் காட்டும். பழைய போன ஜிப் கவர்ல போட்டு, ஃபேன் பக்கத்து பேரிங் ஹவுசிங் மேல டபுள் சைடு டேப்ல இறுக்கி ஒட்டினேன் (கைல புடிச்சுகினு அளக்காதீங்க, கை ஆட்டத்த அடக்கற டேம்பர் மாதிரி வேலை செஞ்சு ரீடிங்க கெடுத்துடும்). காலைல ஏழு மணிக்கு, வெயில் ஏறாத நேரத்துல, 16 ஹெர்ட்ஸ்ல ஒரு பெரிய முள்ளு, 24-ல மோட்டாரோட சின்ன முள்ளு, 7 ஹெர்ட்ஸ் கிட்ட பெல்ட்டோடது ஒண்ணு. 16-ல பீக் 2.6 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர். அதே எடத்துல மதியம் ஒரு மணிக்கு பாத்தா 4. ஆனா முள்ளு நிக்கிற எடம் மாறவேயில்ல, அதே 16.

இதுலயே மேனேஜர் தியரி காலி. வோல்டேஜ் ஏறி எறங்கினாலும் இண்டக்ஷன் மோட்டார் ஸ்பீடு கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ புடிச்சுகினு தான் ஓடும், வோல்டேஜால ரொம்ப நகராது, இங்க நகரவும் இல்ல. தள்ளுற ஃபோர்ஸ் மாறல, தள்ளுற வேகமும் மாறல, ஆனா ஆட்டம் மட்டும் ஒன்றரை மடங்கு ஏறுது. அப்போ மாறினது மிஷினோட சொந்த ஃப்ரீக்வென்சி, அதாவது தட்டி விட்டா அது தானா ஆடற தாளம், நேச்சுரல் ஃப்ரீக்வென்சின்னு சொல்றது. அத நேரா பாத்துடலாம்னு ஃபேன ஆஃப் பண்ணி, ஐசொலேட்டர எறக்கி ஃப்யூஸ கையோட எடுத்து பாக்கெட்ல போட்டுகினு, ஃப்ரேம் மேல மரச் சுத்தியால ஒரே ஒரு தட்டு. தட்டினதும் மிஷின் தானா நாலஞ்சு தடவ ஆடி அடங்கும்ல, அந்த ஆட்டத்த ஆப்ல பதிவு பண்ணி ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு பாக்கணும். காலைல வந்தது 17 ஹெர்ட்ஸ். உச்சி வெயில்ல 16.1.

ஓடறது 16, சொந்த ஃப்ரீக்வென்சி 16.1. ரெண்டும் ஒண்ணா சேந்தா ஆட்டம் எகிறும், வேற ஒண்ணும் சொல்லத் தேவையில்ல.

காரணம் ரப்பர். மொட்டமாடில நேரா வெயில், நம்மூர் வெயிலு உங்களுக்கு தெரியும், டெம்பரேச்சர் கன் வச்சு பேடுல அடிச்சா காலைல 28 டிகிரி, மதியம் 55. ரப்பர் சூடானா இளகும், இளகினா ஸ்ப்ரிங் தன்மை குறையும், சொந்த ஃப்ரீக்வென்சி எறங்கும். காலைல கொஞ்சம் தள்ளி நின்னது மதியம் வந்து சரியா 16 மேல உக்காந்துடுது. பாய் நம்பல. "வெயில்ல ரப்பர் சூடானா கட்டில் ஆடுமா, இன்னாபா சொல்ற நீ?" சரின்னு ஓட்டல்ல இருந்து ரெண்டு கோணிப்பைய வாங்கி தண்ணில நனைச்சு நாலு பேட்டையும் சுத்தி போட்டு அரை மணி நேரம் விட்டேன், மிஷின் ஓடிகினே இருக்குது, ரீடிங் 4-ல இருந்து 3 கிட்ட எறங்கிடுச்சு. கோணிய எடுத்ததும் திரும்ப ஏறுச்சு. இதுக்கப்புறம் அவரு வாதம் பண்ணல, ஆனா "அப்போ தெனம் கோணி போட்டா போதுமே"ன்னு கேட்டாரு, அது தனி.

இப்ப கொஞ்சம் கணக்கு, ஏன்னா இந்த வேலைல கணக்கு இல்லாம எத மாத்தினாலும் லாட்டரிதான். பாலாத்து மணல்ல மாட்டின வண்டிய எப்படி எடுப்பாங்க, ஒரே மூச்சுல தள்ள மாட்டாங்க, முன்ன பின்ன ஆட்டி, வண்டி எந்த தாளத்துல ஆடுதோ அதே தாளத்துல தள்ளுவாங்க, சின்ன தள்ளு தள்ளினாலே ஆட்டம் பெருசாகிகினே போவும். ரெசொனன்ஸ் அதுதான். அந்த எடத்துல ஸ்ப்ரிங்கோட ஃபோர்சும் எடையோட இனர்ஷியா ஃபோர்சும் ஒண்ண ஒண்ணு சரியா அடிச்சு கேன்சல் பண்ணிக்கும், வெளில இருந்து வர்ற ஃபோர்ஸ எதுத்து நிக்க மிச்சம் இருக்கறது டேம்பிங், அதாவது ஆட்டத்த உறிஞ்சி அடக்கற தன்மை மட்டும்தான். டேம்பிங் கம்மின்னா ஆட்டத்துக்கு லிமிட்டே அதுதான்.

எவ்ளோ டேம்பிங் இருக்குதுன்னு அதே சுத்தி டெஸ்ட்லயே எடுத்துடலாம். தட்டினதும் வர்ற ஆட்டம் ஒவ்வொரு சுத்துக்கும் முந்தினதோட 70 சதவீதமா கொறைஞ்சுகினு போச்சு. ரெண்டு அடுத்தடுத்த பீக்கோட விகிதத்துக்கு நேச்சுரல் லாக் எடுத்தா 0.357, அத ரெண்டு பையால, அதாவது 6.28-ஆல வகுத்தா 0.057. டேம்பிங் ரேஷியோ அவ்ளோதான், ரப்பருக்கு இது சாதாரணமா வர்றதுதான். ரெசொனன்ஸ்ல ஆட்டம் எத்தன மடங்கு பெருகும்னா, 1-ஐ டேம்பிங் ரேஷியோவோட ரெண்டு மடங்கால வகுக்கணும், 1-ஐ 0.114-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 9 மடங்கு. காலைல சொந்த ஃப்ரீக்வென்சி 17-ல இருக்கும்போது கணக்கு போட்டா 6.4 மடங்கு. 6.4-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசமும், 2.6-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசமும் நல்லா ஒத்துப்போவுது, போன்ல எடுத்த ரீடிங்குக்கு இது போதும்.

இன்னொண்ணு பின்னாடியே கணக்கு போட்டா அன்பேலன்ஸ் எவ்ளோன்னும் தெரிஞ்சுடும். பிளேடு நுனி கிட்ட 250 மிமீ ரேடியஸ்ல சுமார் 40 கிராம் ஒரு பக்கமா கூடுதலா இருக்கற மாதிரி வந்துச்சு. 40 கிராம்னா ஒண்ணுமில்லன்னு தோணும், ஆனா 960 ஆர்பிஎம்ல அது 100 நியூட்டன், பத்து கிலோ எடைய ஒரு செகண்டுக்கு 16 தடவ மேல தூக்கி கீழ போடற மாதிரி. டைட்டா போல்ட் போட்டிருந்தப்போ அந்த பத்து கிலோதான் தளத்துக்கு போச்சு, அதான் வெறும் "உம்ம்ம்". ரப்பர் போட்டதுக்கு அப்புறம் மதியத்துல தளத்துக்கு போறது 90 கிலோ. பாய் சொன்ன "முன்ன இருந்தத விட மோசம்" கணக்குலயும் அப்படியே நிக்குது.

ரப்பரோ ஸ்ப்ரிங்கோ, போட்டா மட்டும் அதிர்வ தடுக்காது. ஓடற ஃப்ரீக்வென்சிய சொந்த ஃப்ரீக்வென்சியால வகுத்து வர்ற விகிதம் ரூட் 2-வ, அதாவது 1.414-அ தாண்டினாதான் கீழ போற ஃபோர்ஸ் கொறைய ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ எதப் போட்டாலும் போடாம இருக்கறதவிட ஜாஸ்திதான் போவும். நடைமுறைல விகிதம் 3-க்கு மேல இருக்கற மாதிரி வச்சுகினா நல்லது. சொந்த ஃப்ரீக்வென்சிய தெரிஞ்சுக்க பெரிய மிஷின் வேணாம், ஸ்கேல் போதும்: மிஷின வச்சதும் பேடு எத்தன மிமீ அமுங்குதுன்னு பாத்து, 15.8-ஐ அந்த மிமீ-யோட ஸ்கொயர் ரூட்டால வகுத்தா ஹெர்ட்ஸ் வந்துடும். இங்க பேடு அமுங்கினது ஒரு மிமீ. 15.8-ஐ 1-ஆல வகுத்தா 15.8. ரப்பர் ஆட்டத்துல இருக்கும்போது சும்மா நிக்கும்போது இருக்கறத விட கொஞ்சம் விறைப்பா நடந்துக்கும், அதனால நெசத்துல 17. பேடு போடறதுக்கு முன்னாடி இந்த ஒரு வரி கணக்க யாராச்சும் போட்டிருந்தா, 16-ல ஓடற மிஷினுக்கு இந்த பேட வாங்கியிருக்கவே மாட்டாங்க.

சரி, எத மாத்தறது. ஸ்பீட ஏத்தி ரெசொனன்ஸ தாண்டிடலாம்னு ஒருத்தர் ஐடியா குடுத்தாரு, 17-ஐ 1.414-ஆல பெருக்கினா 24 ஹெர்ட்ஸ், ஃபேன 1440-ல ஓட்டணும், ஃபேனுக்கு பவர் ஸ்பீடோட மூணாவது அடுக்குல ஏறும், ஒன்றரை மடங்கு ஸ்பீடுக்கு 3.4 மடங்கு பவர், 3 எச்பி மோட்டார் புகையும், அதுவும் இம்மில தாண்டற எடத்துக்கு. விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்தற கருவி) போட்டு ஸ்பீட எறக்கினா புகை கிச்சன்லயே நிக்கும், பிரியாணி தம் போடற நேரத்துல மாஸ்டர் நம்மள தம் போட்டுடுவாரு. இன்னொரு யோசனை, ஃப்ரேம் மேலயே ஒரு சின்ன எடையும் ஸ்ப்ரிங்கும் சேத்து 16-க்கு ட்யூன் பண்ணி மாட்டறது, அது பெரிய மிஷினோட ஆட்டத்த வாங்கிக்கும், 1909-லயே ஜெர்மனிக்காரர் ஹெர்மன் ஃப்ராம் இதுக்கு பேட்டன்ட்டுக்கு எழுதிப்போட்டு 1911-ல அமெரிக்கால வாங்கிட்டாரு, தைபே 101 கட்டடத்துல 660 டன்ல தொங்கற உருண்டையும் இதே குடும்பம்தான். ஆனா இது ட்யூனிங்ல நிக்கற விஷயம், பெல்ட் கொஞ்சம் ஸ்லிப் ஆனாலோ பிசுக்கு ஏறினாலோ விலகிடும், அதோட ஒரு ரெசொனன்ஸ் போய் ரெண்டு பக்கத்துல ரெண்டு ரெசொனன்ஸ் வரும். ஓட்டல் மாடிக்கு வேணாம்.

ஸ்ப்ரிங்தான். 12 மிமீ அமுங்கற மாதிரி ஸ்ப்ரிங் போட்டா 15.8-ஐ 3.46-ஆல வகுத்து 4.57 ஹெர்ட்ஸ், விகிதம் 3.5, கீழ போறது 9 சதவீதம். இதுல பாக்க வேண்டியது நாலு கால்லயும் எடை ஒரே மாதிரி இருக்காது. ஓட்டல்ல அரிசி மூட்ட நிறுக்கற எடை மிஷின மேல ஏத்தி, ஒவ்வொரு காலா ஜாக்கி வச்சு தூக்கி நிறுத்து பாத்தோம். மோட்டார் பக்கம் ரெண்டு கால்ல ஒவ்வொண்ணும் 65 கிலோ, ஃபேன் பக்கம் 45. நாலுலயும் ஒரே ஸ்ப்ரிங் போட்டா மோட்டார் பக்கம் சாஞ்சு பெல்ட் லைன் போயிடும், அதவிட முக்கியம், மேலயும் கீழயும் ஆடறதோட சேந்து கவுந்து ஆடற ஆட்டமும் வரும். நாலும் 12 மிமீ அமுங்கணும்னா மோட்டார் பக்கம் ஒரு மிமீக்கு 5.4 கிலோ, ஃபேன் பக்கம் 3.75 கிலோ வேணும். 8 மிமீ கம்பி, 60 மிமீ நடு விட்டம், மோட்டார் பக்கம் வேலை செய்யற சுத்து மூன்றரை, ஃபேன் பக்கம் அஞ்சு, முனை ரெண்டுலயும் ஒரு சுத்து தட்டையா தேச்சது. சென்னைல ஸ்ப்ரிங் சுத்தறவங்களாண்ட இந்த அளவக் குடுத்து வாங்கினது. ஸ்ப்ரிங் உயரம் வெளி விட்டத்தவிட ரொம்ப ஒசரமா போச்சுன்னா பக்கவாட்டுல சாயும், இங்க ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வந்துடுச்சு, அதுக்காகவே கம்பியும் விட்டமும் இப்படி எடுத்தது.

இங்க டேம்பிங் விஷயத்த கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நெறைய பேரு டேம்பிங் ஜாஸ்தியானா நல்லதுன்னு நெனச்சுகினு இருக்காங்க. ரெசொனன்ஸ் கிட்ட ஓடற மிஷினுக்கு அது நெசம். ரெசொனன்ஸ தாண்டி மேல ஓடற மிஷினுக்கு டேம்பிங் ஏத்தினா கீழ போற ஃபோர்ஸ் ஏறும், ஏன்னா அப்ப ஆட்டத்த கீழ கொண்டு போற பாலமே டேம்பர்தான். அப்போ சுத்தமா இல்லாம வெறும் இரும்பு ஸ்ப்ரிங்கே வச்சுடலாமா? வச்சா ஸ்விட்ச் ஆஃப் பண்ணும்போது மாட்டும். ஆன் பண்ணும்போது மோட்டார் சட்டுனு 4.5 ஹெர்ட்ஸ தாண்டிடும், ஆஃப் பண்ணா ஃபேன் மெதுவா அசந்து நிக்கும், வர்ற வழில அந்த 4.5-லயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரும். டேம்பிங் ரேஷியோ 0.01 தான் இருந்தா அந்த எடத்துல பெருக்கம் 50 மடங்கு வரைக்கும் போகலாம், ஸ்பீடு கம்மிங்கறதால அன்பேலன்ஸ் ஃபோர்ஸும் சின்னதா ஆயிடும், பன்னெண்டுல ஒரு பங்குதான், இருந்தாலும் மிஷின் கண்ணுக்கு தெரிஞ்சு தள்ளாடும், புகை போற டக்ட்ட இழுக்கும். டேம்பிங்க 0.1 ஆக்கினா 50 மடங்கு 5 ஆயிடும், ஓடும்போது கீழ போறது 9 சதவீதத்துல இருந்து 11 ஆகும், அவ்ளோதான் நஷ்டம். 0.3-க்கு ஏத்தினா 20 சதவீதம். அதனால 0.1 பக்கம் நிக்கறது நல்ல பேரம்.

அந்த 0.1-அ வரவைக்க ஸ்ப்ரிங்க ரெண்டு கப்புக்கு நடுவுல உக்கார வச்சு, ஒரு கப்பு இன்னொண்ணுக்குள்ள எறங்கற மாதிரி செஞ்சு, ரெண்டுக்கும் நடு சந்துல ரப்பர் பட்டை, பக்கத்துல ஒரு ஸ்க்ரூ. ஸ்க்ரூவ இறுக்கினா ரப்பர் உரசும், அந்த உரசல்தான் டேம்பிங். கடைல ரெடிமேடாவும் கெடைக்குது, நமக்கு அளவு ஒத்து வரல. ஜாக்கிரத, ஸ்க்ரூவ ஒரேயடியா இறுக்கிட்டா கப்பு லாக் ஆயிடும், ஸ்ப்ரிங் உள்ள சும்மா நிக்கும், மிஷின் திரும்பவும் தளத்துல போல்ட் போட்ட மாதிரி ஆயிடும். கைல புடிச்சு மிஷின கீழ அமுக்கி விட்டா ரெண்டு மூணு ஆட்டத்துல நிக்கணும், அதுக்கு மேல இறுக்கக்கூடாது.

ரப்பர் பேடு மேல மிஷின் இருக்கும்போதே இம்பெல்லர தொறந்து பாத்தோம். பிசுக்குன்னா பிசுக்கு, நெய்யும் எண்ணெயும் மசாலாவும் சேந்து தாரு மாதிரி. பிளேடு பிளேடா சுரண்டி, காஸ்டிக் சோடா வெந்நீர்ல கழுவினோம் (இரும்பு இம்பெல்லருக்கு மட்டும், அலுமினியம்னா அரிச்சுடும், கையுறை கண்ணாடி ரெண்டும் கட்டாயம்). ஓட்டி பாத்தா மதிய ரீடிங் 4-ல இருந்து 1.2-க்கு எறங்கிடுச்சு. பாய்க்கு சந்தோஷம், "இதோட வுட்டுடு தம்பி, ஸ்ப்ரிங்கு எதுக்கு"ன்னாரு. நான் ஒத்துக்கல. பிசுக்கு திரும்ப ஏறும், பிரியாணி கடைல ஏறாம எங்க போவும், ஏறினா அதே ஒன்பது மடங்கு காத்துகினு இருக்குது.

மிஷின ஸ்ப்ரிங் மேல ஏத்தற அன்னிக்கு கவனிச்சது ரெண்டு மூணு. காலுங்க பீம் மேல வர்ற மாதிரி ஃப்ரேமுக்கு அடில சேனல் போட்டு அகலமாக்கினோம், நடு தளத்துல வச்சா தளமே ஒரு ஸ்ப்ரிங்கா வேலை செஞ்சு நம்ம கணக்க கெடுக்கும். அடில காங்கிரீட் பிளாக் ஊத்தி எடைய ஏத்த சொன்னாங்க, ஏத்தினா ஆட்டம் கொறையும்தான், ஆனா ஸ்ப்ரிங் மேல 40 கிராம் அன்பேலன்ஸுக்கே ஆட்டம் 0.05 மிமீதான் வரும், அதுக்காக பழைய மாடில இன்னும் நூத்தம்பது கிலோ ஏத்தறது தேவையில்லாத சுமை. பழைய ஆங்கர் ஓட்டைங்கள அடைச்சோம், இல்லன்னா மழைக்கு அதே ரூம்ல ஒழுகும், அடுத்த சண்டை அதுக்கு வரும். அப்புறம் டக்ட். ப்ளோயர் வாய்ல தகரம் நேரா தகரத்தோட ரிவெட் அடிச்சு இருந்துச்சு, அத அப்படியே விட்டா ஸ்ப்ரிங் போட்டும் பிரயோஜனம் இல்ல, அதிர்வு டக்ட் வழியா சொவத்துக்கு போயிடும். அறுத்து நடுவுல சிலிக்கோன் பூசின கண்ணாடி நார் துணி மாட்டினோம், சாதா கேன்வாஸ் எண்ணெய்ப் புகைக்கு ஆகாது, தீப்புடிக்கும். மோட்டாருக்கு வர்ற கரன்ட் பைப்பும் கெட்டியா க்ளாம்ப் போட்டு இருந்துச்சு, அதையும் வெட்டி தொங்கலா ஒரு வளையம் விட்டு ஃப்ளெக்சிபிள் போட்டாச்சு.

பேலன்சிங்க வேணும்னே கடைசில வச்சேன். ரெசொனன்ஸ் மேல உக்காந்திருக்கும்போது பேலன்ஸ் பண்ணா ரெண்டு ரன்னுக்கு நடுவுல வெயில் ஏறி ரப்பர் இளகினாலே ரீடிங் மாறும், எடையால மாறுச்சா வெயிலால மாறுச்சான்னு தெரியாது. ஸ்ப்ரிங் மேல, ரெசொனன்ஸுக்கு ரொம்ப மேல ஓடும்போது ஆட்டம் அன்பேலன்ஸுக்கு நேர் விகிதத்துல சமத்தா இருக்கும். ராணிப்பேட்டை பெல் (பிஎச்இஎல்) கம்பெனில பெரிய பாய்லர் ஃபேனுங்க செய்யற எடத்துல வேலை பாத்து ரிடையர் ஆன ஒரு பெரியவரு எனக்கு தெரிஞ்சவரு, ஆங்கிள் அளக்கற மிஷின் இல்லாம பேலன்ஸ் பண்ற நாலு ரன் முறைய அவருதான் சொல்லித்தந்தாரு.

மொத ரன் எடை எதுவும் வைக்காம சும்மா: 0.15 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர். அடுத்து 10 கிராம் இரும்புத் துண்ட ஒண்ணாம் நம்பர் பிளேடுல 250 மிமீ ரேடியஸ்ல ஸ்க்ரூ வச்ச க்ளிப்பால மாட்டி ஓட்டினா 0.26. அதே துண்டு அஞ்சாம் பிளேடுல 0.21. ஒன்பதாம் பிளேடுல 0.05. பன்னெண்டு பிளேடுங்கறதால 1, 5, 9 சரியா 120 டிகிரி இடைவெளி. டேப்ல மட்டும் ஒட்டாதீங்க, 10 கிராம் அந்த வேகத்துல ரெண்டரை கிலோ இழுவை இழுக்கும், பிச்சுகினு போனா கேசிங்க தொளைக்கும், ஓடும்போது யாரும் வாய்க்கு நேரா நிக்கக்கூடாது. இப்ப மொட்டமாடி தரைலயே சாக்பீசும் நூலும் வச்சு வரைஞ்சோம்: 0.01-க்கு ஒரு சென்டிமீட்டர்னு வச்சு 15 செமீ ரேடியஸ்ல ஒரு வட்டம், அது மேல 0, 120, 240 டிகிரில மூணு புள்ளி, மொத புள்ளில இருந்து 26 செமீ, ரெண்டாவதுல இருந்து 21, மூணாவதுல இருந்து 5 செமீ வட்டம். மூணும் ஒரே எடத்துல வெட்டிக்கணும், கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் பரவால்ல. மையத்துல இருந்து வெட்டுற எடம் 12.4 செமீ, 220 டிகிரில. தேவையான எடை 10 கிராம 15-ஆல பெருக்கி 12.4-ஆல வகுத்தா 12.1 கிராம், வைக்க வேண்டிய எடம் அதே 220 டிகிரி. அங்க பிளேடு இல்ல, எட்டாம் பிளேடு 210, ஒன்பது 240, அதனால பிரிச்சு எட்டுல 8.3 கிராம், ஒன்பதுல 4.2 கிராம். நகைக்கடைக்காரங்க வச்சிருக்கற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசுல நிறுத்தது.

வெல்டிங் வைக்கும்போது எர்த் க்ளாம்ப இம்பெல்லர்லயே மாட்டணும். ஃப்ரேம்ல மாட்டினா கரன்ட் பேரிங் வழியா போய் பால் மேல புள்ளி புள்ளியா கருகும், அப்ப மாஸ்டர் சொன்னது நெசமாயிடும், பேரிங் நெசமாவே பூடும்.

கடைசி ரன்ல 16 ஹெர்ட்ஸ் முள்ளு 0.025 கிட்ட. ஃபேனுக்கு, பேலன்ஸ் பத்தின உலகத் தரம் ஐஎஸ்ஓ 21940 சொல்ற ஜி 6.3 கிரேடு படி, இந்த 25 கிலோ இம்பெல்லருக்கு 250 மிமீ ரேடியஸ்ல 6.3 கிராம் வரைக்கும் விடலாம், நமக்கு மிச்சம் நிக்கறது ரெண்டு கிராம் போல. டாப் ஃப்ளோர் ரூம்ல கட்டில் கால்ல போன ஒட்டி வச்சு மதியம் பாத்தா 16-ல ஒண்ணும் தலை தூக்கல, ரோட்டுல பஸ் போறதுதான் பெருசா தெரியுது. மேனேஜர் மட்டும் இன்னும் வோல்டேஜ் விஷயத்த விடல, ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டுடலாமான்னு கேட்டுகினுதான் இருக்காரு.

பாயாண்ட சொல்லி வச்சது: இம்பெல்லர் பிசுக்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா சுரண்டணும், ஹூட்ல ஃபில்டர வாராவாரம் கழுவினா அதுவே பாதி கொறைஞ்சுடும். ஸ்ப்ரிங் கப்புக்கு நடுவுல எண்ணெய் எறங்கினா உரசல் போய் டேம்பிங் போயிடும், ஆஃப் பண்ணும்போது மிஷின் தள்ளாட ஆரம்பிச்சா அதுதான் அடையாளம், தொடச்சுட்டு ஸ்க்ரூவ கால் சுத்து இறுக்கணும். 16 அடங்கினதும் இப்ப 24 ஹெர்ட்ஸ் முள்ளுதான் ஒசரமா தெரியுது, மோட்டார் புல்லி லேசா கோணலா கடைஞ்சிருக்காங்க, டயல் கேஜ் வச்சா தெரியுது, கட்டிலுக்கு அது எட்டாது, ஆனா பெல்ட்ட தின்னும். புது புல்லிக்கு சொல்லியாச்சு, வந்ததும் பெல்ட்டையும் சேத்து மாத்திடலாம்னு இருக்கோம்.